குசினிப் படி

முதிரை மரத்தை வெளியே பார்த்து மதிக்க முடியாது. வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் பூத்துக் கிடக்கும். வாள் கொஞ்சம் இறங்கியதும் உள்ளேயிருந்து மஞ்சள் தெரியும். சீவுளி ஓடினால் அலையலையாக ஒரு மினுக்கம் எழும். வன்னிக் காட்டு முதிரையில் நிலையும் கதவும் செய்வித்து வீடு கட்டுவது யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்துப் பெருமை. கறையான் அதை லேசில் அண்டாது.

எனக்குக் கிடைத்தது எங்கள் மயிலிட்டி வீட்டுக் குசினியின் வாசற்படி. 1990 ஆனியில் போருக்குள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட ஊர் அது; பிறகு இராணுவத்தின் கையில் இருந்தது. 2017 ஆடியில் துறைமுகப் பக்கம் திறந்தார்கள்; மிச்சக் காணிகளில் சில துண்டு துண்டாக விடுபட்டன. நாங்கள் போய்ப் பார்த்தபோது ஓடு, வளை, தீராந்தி, கதவு, யன்னல் ஒன்றுமில்லை. நிலை இருந்த இடங்கள் பல் பிடுங்கின முரசு மாதிரிக் கிடந்தன. குசினிப் படி மட்டும், இரண்டு முனையும் சீமெந்துக்குள் இறுகியிருந்ததால், தப்பியிருந்தது. அலவாங்கு போட்டுக் கிளப்பி நல்லூருக்குக் கொண்டுவந்தேன். கத்திகள் செருகி வைக்க ஒரு கட்டை செய்வதென்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். குசினி மரம் குசினியிலேயே இருக்கட்டும்.

பழைய மரத்தில் கை வைக்க முதல் காந்தத்தால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே முறிந்த ஆணி ஒன்று கிடந்தாலும் சீவுளி அலகு போய்விடும். முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குக் கடிக்கும். மூக்கையும் கையையும் மூடிக்கொள்வது நல்லது. படியை நெடுக்காக நாலு பலகையாக அறுத்து, கத்தி அலகின் தடிப்பைவிட அரை நூல் கூடுதலாகத் தவாளிப்பு வெட்டி, முகத்தோடு முகம் ஒட்டி இறுக்கினோம். கட்டை சற்றுச் சரிந்து நிற்க வேண்டும். கத்தியின் முதுகுதான் மரத்தில் படுக்கலாம். கூர் மேலே பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வைரத்தில் உரசி மழுங்கிவிடும். துளைகளின் அடியைத் திறந்தே விட்டோம். ஈரம் தங்கினால் இரும்பு கறள் கட்டும்.

கூட நின்று வேலை செய்த தச்சர் என்னைவிட மூத்தவர், தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்தவர். படியின் நடுவில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த குழியைக் கண்டு, “தம்பி, இதைச் சீவி மட்டமாக்கட்டே?” என்று கேட்டார்.

“வேண்டாம் அண்ணை, அது கிடக்கட்டும்.”

அதையே முன்முகமாக வைத்துக்கொண்டோம்.

அந்த வீட்டில் கத்திக்கென்று ஒரு கட்டை இருந்ததில்லை. குசினியின் பின்பத்தி கிடுகால் வேய்ந்தது. மீன் வெட்டுகிற கத்தி, பாளைக் கத்தி, காம்புச் சத்தகம் எல்லாம் அந்தக் கிடுகில்தான் செருகியிருக்கும், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். அம்மம்மா நிமிர்ந்து பார்க்காமலே கையை உயர்த்தி வேண்டியதை உருவுவா. பாரையோ விளமீனோ வந்த நாளில் கிணற்றுக்கட்டுக் கல்லில் அவ கத்தி தீட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். பூனைகள் எங்கிருந்தோ வந்துவிடும். ஈர்க்கு வார்வதும் ஓலை கிழிப்பதும் சத்தகத்தின் வேலை. பனையோலைப் பெட்டியும் நீற்றுப்பெட்டியும் அவவின் விரலில் பிறந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கை வரவில்லை. என் கட்டையிலும் சத்தகத்துக்கு இடமில்லை. அதன் வளைந்த அலகு நேரான துளைக்குள் இறங்காது.

“படியில இராத, எழும்பு” என்று நாளுக்கு நாலு தரம் ஏச்சு விழும். அம்மம்மா, அம்மா, மாமிமார், நாங்கள் என்று எத்தனையோ பேர் மிதித்துத்தான் அந்தக் குழி விழுந்தது. ஆனால் எல்லாரும் மிதிக்கவில்லை. உடுப்பு வெளுக்கிறவர்கள் பத்தியோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி தனிப் பேணியில் அங்கேயே போகும். ஒருநாள் அவர்களுடைய மகள், என் வயதுக்காரி, விளையாட்டு மும்முரத்தில் ஓடிவந்து படியில் கால் வைத்துவிட்டாள். அம்மம்மா ஏசவில்லை. அவள் போன பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினா. என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்த அதே கை. இரண்டையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன், ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர்ச் சனத்திடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மயிலிட்டிக்குத் திரும்பியவர்களில் அவர்கள் இல்லை. அவர்களின் கொட்டில் எங்கள் உறவுக்காரர் ஒருவரின் வளவு மூலையில் இருந்தது. விடுவித்த காணிகள் உறுதி வைத்திருந்தவர்களின் கைக்குத்தான் வந்தன.