சிலிண்டருக்குள்ள என்ன இருக்கு, சித்தி?

பள்ளி திறந்த ஜனவரி முதல் வாரம். தங்கம் விலைச் செய்தியை அப்டேட் செய்துகொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகளின் அரையாண்டுத் தேர்வு அறிவியல் தாள்.

சாலிட், லிக்விட், கேஸ் என்று மூன்று கட்டங்கள். கல், பால், பென்சில், எண்ணெய், ஊதிய பலூன், சமையல் சிலிண்டர் என்று படங்கள். பலூனுக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்த்து, சரியான கட்டத்தில் எழுத வேண்டும். பாப்பா சிலிண்டரை லிக்விட் கட்டத்தில் எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

போட்டோவுக்குக் கீழே அக்காவின் வாய்ஸ் மெசேஜ். "உன்கிட்டதானே படிச்சா? என்னத்தடீ சொல்லிக்கொடுத்தே?"

நியாயமான கேள்விதான். டிசம்பரில் அலுவலகப் பயிற்சிக்காக அக்கா இரண்டு வாரம் பெங்களூரு போனபோது, பாப்பா கோவையில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். 'குழந்தைகளுக்கு அறிவியலை ஈஸியாகச் சொல்லித்தர 7 வழிகள்' என்று கட்டுரையெல்லாம் எழுதியவள் நான். ஒரு எட்டு வயதுக் குழந்தைக்கு மூன்று வார்த்தை சொல்லித்தர முடியாதா என்ன?

முதல் நாளே முடியவில்லை.

"சாலிடுக்கு சொந்தமா ஒரு ஷேப் இருக்கும். லிக்விட் எந்தப் பாத்திரத்துல ஊத்துறோமோ அந்த ஷேப்புக்கு வந்துடும். கேஸ் இருக்கிற இடம் முழுக்கப் பரவிடும்." பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். பாப்பா தலையாட்டிவிட்டு சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு டம்ளர் நிறைய ரவை.

"இது டம்ளர் ஷேப்புக்கு வந்துடுச்சு சித்தி. அப்போ ரவை லிக்விடா?"

"இல்ல, அது சாலிட்."

"கிண்ணத்துல கொட்டினா கிண்ணம் ஷேப்புக்கு வருதே?"

எனக்கு வாயடைத்துப்போனது. அவள் கேட்டதில் தவறே இல்லை. நான் சொன்ன விதியை எனக்கே திருப்பிக்காட்டினாள், அவ்வளவுதான். சிறு குழந்தைகள் பலரும் மாவு, மணல், சர்க்கரையை எல்லாம் திரவம் என்று நினைப்பதற்கு இந்த விதியை மட்டும் சொல்லி நிறுத்துவதும் ஒரு காரணம்.

கடைசியில் ரவையையே ஒரு தட்டில் கொட்டினோம். பக்கத்திலேயே இன்னொரு தட்டில் தண்ணீர். ரவை குவியலாக நின்றது. தண்ணீர் நிற்கவில்லை, பரவிப் படுத்துக்கொண்டது. பிறகு ஒரே ஒரு ரவையை எடுத்து போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். கோணல் மாணலாக ஒரு கல்போல இருந்தது. டம்ளரில் போட்டாலும் கிண்ணத்தில் போட்டாலும் அந்த ஒரு ரவை மாறவில்லை. "அப்போ இது குட்டிக் குட்டி சாலிட், கூட்டமா ஓடுது" என்றாள் பாப்பா. என் 7 வழிகளில் இது இல்லை.

அன்றிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டோம். டிசம்பர் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வெள்ளையாக உறைந்திருந்தது. ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். காலையில் சாலிட், ஜன்னல் வெயிலில் வைத்து மதியம் பார்த்தால் லிக்விட். ஒரே பொருள், ஒரே நாள். பூஜைத் தட்டில் மறந்துவிட்ட கற்பூரம் நாளாக நாளாகக் கரைந்து சிறிதானது, ஆனால் தட்டில் ஈரமே இல்லை. குக்கரில் ஆவி வரும்போது தள்ளி நின்று உற்றுப் பார்த்தோம். மூக்கு முனையை ஒட்டிக் கொஞ்ச இடத்தில் ஒன்றுமே தெரியாது, அதற்கு மேல்தான் வெள்ளையாகப் புகைபோல வரும். அந்த ஒன்றும் தெரியாத இடத்தில் இருப்பதுதான் நிஜமான நீராவி. வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து பொடிப்பொடித் துளிகளாகிவிட்ட தண்ணீர். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கேஸ் பற்றித்தான் சிக்கல். நான் படித்தபோது அதை 'வாயு' என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் வாயு என்றால் உருளைக்கிழங்கு அதிகம் சாப்பிட்டால் வருவது. பாப்பா படிப்பதோ இங்கிலீஷ் மீடியம். அவளுக்கு 'கேஸ்' என்றால் அடுப்பு. இரண்டு மொழியிலும் அந்த வார்த்தைக்கு வீட்டில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை வாங்கி வந்தேன். உள்ளே காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னேன். பாதி தூரம்வரை அமுங்கியது, விட்டால் திரும்பி வந்தது. அதே சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்தினால் கொஞ்சமும் அசையவில்லை. "காத்தை நெருக்கி உக்கார வைக்கலாம், தண்ணியை முடியாது" என்று கண்டுபிடித்துவிட்டாள். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் சறுக்கினேன்.

காலி சிலிண்டரை மாற்ற வேண்டிய நேரம். அம்மா அதைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே சளக் சளக் என்று சத்தம்.

"சித்தி, சிலிண்டருக்குள்ள என்ன இருக்கு?"

"கேஸ்தான் பாப்பா. பேர்லயே இருக்கே."

"கேஸ் எப்படி சளக்னு சத்தம் போடும்?"

"அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்புக்குத் திரும்பினேன். ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி காலையில் எல்பிஜி விலை செய்தி போடுவது என் வேலை. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, ஹோட்டல் சிலிண்டர் 19 கிலோ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எல்பிஜியில் முதல் எழுத்தான 'எல்' எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. லிக்விஃபைடு. திரவமாக்கப்பட்டது.

அம்மா என்னைப் போலச் சொல்லவில்லை. "இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டு, ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு இழுப்பு இழுத்தார். சில நிமிடங்களில் மேல் பகுதி காய்ந்துவிட்டது. அடியில் மட்டும் ஈரம் ஒரு கோடுபோல நின்றது. "இந்தக் கோடு வரைக்கும்தான் இருக்குது. முப்பது வருஷமா இப்படித்தான் பாக்கறேன்." உள்ளே திரவம் இருக்கும் இடத்தில் சிலிண்டர் குளிர்ச்சியாகவே இருப்பதால் ஈரம் மெதுவாகக் காய்கிறது. அம்மாவுக்கு அந்தக் காரணம் தெரியாது. கோடு தெரியும்.

ஒழுங்காகப் படித்துவிட்டு இரவு பாப்பாவிடம் போனேன். சித்தி சொன்னது தப்பு என்று முதலில் சொன்னேன். சிரிஞ்சில் நாம் அழுத்தியதைவிடப் பல மடங்கு பலமாக அழுத்தினால் இந்த கேஸ் தண்ணீர்போல ஆகிவிடும். அப்படித்தான் அடைக்கிறார்கள், மேலே கொஞ்சம் இடம் விட்டு. அந்த இடத்தில் இருக்கும் கேஸ்தான் அடுப்புக்கு வருகிறது. அது வர வர, கீழே இருக்கும் லிக்விட் கொஞ்சம் கொஞ்சமாக கேஸாக மாறி மேலே வருகிறது. வெளியே வந்தால் ஏறக்குறைய 250 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இரண்டு நாள் கழித்து அடுப்புத் தீ சிறுத்தது. புது சிலிண்டர் இன்னும் வரவில்லை. மீதியையும் எடுத்துவிடலாம் என்று அம்மா வழக்கம்போல சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைக்கப் போனார். அதுவும் முப்பது வருடப் பழக்கம்தான்.

"அம்மாயி, படுக்க வெச்சா லிக்விட் குழாய்க்கு வந்துடாதா?"

அம்மா கை அப்படியே நின்றது. நான் கணினி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வரும். கேஸ் வர வேண்டிய வழியில் லிக்விட் வந்தால், அது வெளியே வரும் இடத்தில் 250 மடங்காக விரியும். தீ கட்டுப்பாடில்லாமல் எழும்பலாம். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். தீரும் நேரத்தில் படுக்க வைப்பது, வெந்நீரில் நிற்க வைப்பது இரண்டும் நம் வீடுகளில் சகஜம். இரண்டுமே ஆபத்து.

அம்மா சிலிண்டரை நிமிர்த்தி வைத்துவிட்டு ரெகுலேட்டரை மூடினார். அன்றைக்கு ராத்திரி எங்களுக்குக் கடை இட்லி.

சாப்பிடும்போதே மற்றதையும் பேசி முடித்தோம். இந்த கேஸுக்கு இயல்பில் வாசனையே கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக நாற்றம் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். நாற்றம் வந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் செய்ய வேண்டும். பாப்பா அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்தாள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு போய்த்தான் அவள் லிக்விட் என்று எழுதினாள். இரண்டு மார்க் போனது.

அக்காவும் நானும் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போனோம். சண்டை போடும் எண்ணம் இல்லை. கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த மிஸ் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "ஆன்சர் கீயில கேஸ்னு இருந்ததுங்க. நாப்பது பேப்பர், ஒரே ராத்திரி. நானும் யோசிக்கல" என்றார். மார்க்கை ஆப்பில் ஏற்றியாகிவிட்டதாம், மாற்ற முடியாதாம். அடுத்த முறை அந்தப் படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அந்தத் தாளில் யோசிக்க வைத்த ஒரே படம் அதுதான்.

வெளியே காத்திருந்த பாப்பா ஓடி வந்தாள். "மிஸ் என்ன சொன்னாங்க?"

"நீ எழுதினது சரின்னு சொன்னாங்க."

"அப்போ ஏன் பெருக்கல் போட்டாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். "சித்தியும் முதல்ல தப்பாத்தானே சொன்னேன்? அந்த மாதிரி" என்றேன். ஒப்புக்கொண்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் வழியெல்லாம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் அப்படி வருகிற பிள்ளை இல்லை. அந்த வாரம் முழுக்க ஹோம்வொர்க்கில் எதை எழுதுவதற்கு முன்னாலும், "கீயில என்ன இருக்கும் சித்தி?" என்று போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இரண்டு மார்க்கைவிட இதுதான் உறுத்தியது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டில் இருந்தபோது சிலிண்டர் வந்தது. டெலிவரி அண்ணன் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். பாப்பா கதவோரம் நின்று அவரையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"கேஸு பாப்பா."

பாப்பா என் பக்கம் திரும்பினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பில்லைக் கிழித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ஆனா உள்ள தண்ணியாட்டத்தான் இருக்கும். வேணும்னா லேசா அசைச்சுப் பாரு, காதை வெச்சுக் கேளு."

அவள் ஏற்கெனவே காதை வைத்திருந்தாள்.