தோற்றவனுக்கு ஒரு சனிக்கிழமை

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் குறுவட்டக் கபடிப் போட்டிக்குக் கிளம்பிப் போன பேத்தி, பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டாள். செங்கோட்டையில் அன்று நல்ல சாரல். தலையைக்கூடத் துவட்டாமல் வந்து நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தோத்துட்டோம் தாத்தா. அவ்வளவுதான்."

ஷூவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும். அந்த "அவ்வளவுதான்" என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. அவள் வயதுப் பெண்கள் கபடியில் பாதிக்கு 15 நிமிடம், நடுவில் 5 நிமிட இடைவேளை. மொத்தம் 35 நிமிடம். ஜூனில் பள்ளி திறந்த நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து, ஈர மண்ணில் முழங்கால் உரசி, அம்மாவிடம் திட்டு வாங்கி அவள் பழகியதெல்லாம் அந்த 35 நிமிடத்தோடு முடிந்துபோயிற்று. இனி அடுத்த ஆடிதான்.

நம் பள்ளிப் போட்டிகள் நடக்கும் முறை இதுதான். குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். அதற்கும் மேலே, 1954-ல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகள். இங்கே நடக்கும் போட்டிகளுக்குப் பாரதியார் தினம், குடியரசு தினம் என்று அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பாரதியார் 1918-லிருந்து 1920 வரை குடியிருந்த கடையம் எங்கள் தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டவர் பெயரில் நடக்கும் போட்டியில், பாதிப் பிள்ளைகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பள்ளி அணிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறையில் மொத்தம் 7 ஆட்டம். நான்கு அணிக்கு ஒரே ஆட்டம், இரண்டு அணிக்கு இரண்டு ஆட்டம், கடைசி வரை போகும் இரண்டு அணிக்கு மட்டும் மூன்று. அதே எட்டு அணியும் ஒவ்வொருவரோடும் ஒரு முறை ஆடினால் 28 ஆட்டம், அணிக்கு ஏழு. நன்றாக ஆடுகிறவன் மேலும் மேலும் ஆடுகிறான்; பழக வேண்டியவன் வேடிக்கை பார்க்கிறான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே நாளில், ஒரே மைதானத்தில் முடிக்க வேண்டிய நெருக்கடி நடத்துகிறவர்களுக்கு இருக்கிறது. அந்த நெருக்கடியில் பிள்ளைகள் இழப்பது என்ன என்பதுதான் என் கவலை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு வருடம் அதை இழக்காமல் தப்பியவன் நான்.

1971-ம் வருடம் பள்ளிக்கூடத்துப் பூப்பந்து அணியில் இருந்தேன். பூப்பந்து என்றால் இன்றைய பிள்ளைகள் இறகுப்பந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. மஞ்சள் உல்லன் நூலில் செய்த பந்து, எடை 30 கிராமுக்குள். பக்கத்துக்கு ஐந்து பேர்: முன்னால் இரண்டு, நடுவில் ஒருவன், பின்னால் இரண்டு. கூரை இல்லாத வெட்டவெளியில் ஆடுகிற ஆட்டம். அவ்வளவு லேசான பந்தை வைத்துக்கொண்டு, மலைக்கணவாய் வாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊரில் ஆடுவது தனி வித்தை. ஆடியில் மேகாத்து மேற்கிலிருந்து பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். சாரலில் நூல் ஊறிவிட்டால் அதே பந்து கல்லாகக் கனக்கும். எங்கள் டிரில் மாஸ்டர் நனைந்த பந்தை டீக்கடைக்கு எடுத்துப்போய், பாய்லர் ஓரத்தில் வைத்து உருட்டி உருட்டிக் காயவைப்பார். உல்லன் சூடேறும் அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

நான் நடுவில் ஆடுகிறவன். பின்னால் நின்றவன் என் தெருக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். அந்த ஆடியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். கடைசிப் பந்து அவனிடம் போனது. காற்றில் விலகி வந்த பந்தை அவன் விட்டுவிட்டான். அவன் பேட்டை இறக்கிவைக்கும் முன்பே நான் திரும்பி, எல்லோர் முன்னாலும், சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னேன். பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று மாதக்கணக்கில் நான் அவனோடு பேசவில்லை. அடுத்த ஆட்டம் என்று ஒன்று இல்லாதபோது கடைசிப் பந்தை விட்டவன் விட்டவனாகவே நின்றுவிடுகிறான். அவன் அதைத் திருத்த இடமில்லை. எனக்கும் என் வார்த்தையைத் திரும்ப எடுக்க இடமில்லை.

தோற்றதற்கு மறுநாளே மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆறு மணிக்கு எல்லாரும் கிரவுண்டுக்கு வந்திரணும்ல."

"எதுக்கு சார்? நாமதான் தோத்துட்டோமே."

"மார்கழில மேட்ச் இருக்கு."

"எந்த மேட்ச் சார்?"

"நான் வைக்கப்போற மேட்ச்."

அவர் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. அங்கே படித்ததில் ஒன்றை எங்களிடம் அடிக்கடி சொல்வார். 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், குளிருக்குப் பயந்து உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களை எப்படி ஆடவைப்பது என்று யோசித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், இரண்டு பழக்கூடைகளை மேல்தளக் கைப்பிடியில் அறைந்து கூடைப்பந்தை உண்டாக்கினார். நான்கு வருடம் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் வாலிபாலை உண்டாக்கினார். அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் குளிர்காலம் என்றாலே அதற்கென்று அணிகள் உண்டு. நவம்பர் டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை வாரா வாரம் ஆட்டம். ஒருமுறை தங்கள் பள்ளியில், மறுமுறை எதிரணியின் பள்ளியில். கூடைப்பந்து அணி ஒன்று ஒரு பருவத்தில் இருபது ஆட்டம்போல ஆடுகிறது. அவர்களிடமிருந்து கூடைப்பந்தும் வாலிபாலும் நமக்கு வந்தன, சொல்லித்தர மாஸ்டர்களும் வந்தார்கள். அந்தப் பருவம் மட்டும் வரவில்லை. எங்கள் மாஸ்டர் அந்தப் பருவத்தைச் செங்கோட்டைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினார்.

யாரோடு ஆடுவது? அவருக்கு அதில் குழப்பமே இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர். அவர் பையனாக இருந்தபோது மலைக்கு அந்தப் பக்கத்துப் புனலூர்ப் பையன்களும் அவரும் ஒரே ராஜ்யத்துப் பிள்ளைகள். எல்லைக்கோடு மாறிய பிறகும் அந்தச் சிநேகம் மாறவில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்த தன் பழைய கூட்டாளிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். இந்தப் பக்கம் இலஞ்சி, தென்காசி, பண்பொழி. கார்த்திகை நடுவில் தொடங்கித் தைப்பொங்கல் வரை சனிக்கிழமைதோறும் ஆட்டம். கோப்பை கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும், அது ஒன்றுதான் சட்டம்.

அந்த மார்கழியை எப்படிச் சொல்வேன்! ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்ந்து மைதானம் இறுகியிருக்கும். வயலெல்லாம் பிசானப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். ஆரியங்காவுக்கும் சபரிமலைக்கும் போகிற சாமிமார்களால் ஸ்டேஷன் கறுப்பு வேட்டியாய் நிறைந்திருக்கும். அவர்களோடு நாங்களும் மீட்டர்கேஜ் ரயிலில் ஏறுவோம். டிக்கெட் காசில் பாதி எங்களுடையது, பாதி மாஸ்டருடையது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் ரயில் நுழைந்ததும் பேட்டால் பலகையைத் தட்டிக் கூச்சல் போடுவோம். 1904-ல் போட்ட அந்தத் தடம் 2010-ல் நின்று, அகலப்பாதையாகி, 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கியபோது நான் ஒருமுறை போய் வந்தேன். அந்தக் குகை வந்ததும் என் கை தானாகப் பலகையைத் தேடியது.

முதல் மூன்று சனிக்கிழமையும் தோற்றோம். நாலாவது சனிக்கிழமைதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஆடியில் மேற்கே இருந்து வந்த காற்று, மார்கழியில் கிழக்கே இருந்து வருகிறது. நாங்கள் ஆடிக் காற்றுக்குப் பழகிய கையை வைத்துக்கொண்டு கொண்டலில் ஆடிக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற என் கூட்டாளி அதை முன்பே கண்டுபிடித்திருந்தான். நான் பேசாததால் அவன் சொல்லவில்லை. அன்று புனலூர்ப் பக்கத்து மைதானத்தில், ஆட்டம் எங்கள் கைக்கு வந்த நேரத்தில், லட்டு மாதிரி வந்த பந்தை நான் வலையில் அடித்தேன். அதோடு ஆட்டம் போயிற்று. ஆடியில் நான் சொன்ன வார்த்தை இப்போது என் மேல் திரும்பி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவன் வந்து தோளில் பேட்டால் தட்டிவிட்டுச் சொன்னான்: "விடுல, அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்."

அந்த வார்த்தையை அவன் நல்லவன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரம் என்று ஒன்று உண்மையாகவே இருந்ததால் சொல்ல முடிந்தது. ஆடியில் அவனுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வராததும், அப்படி ஒரு வாரம் இல்லாததால்தானோ என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். ஆனாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வரும் ரயிலில். "காத்து அன்னைக்கு அப்படி" என்று மட்டும் சொன்னான். ஏழு ஆட்டத்தில் மூன்று ஜெயித்தோம்.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பிரானூர்ப் பக்கம் மரக்கடையில் கணக்கு எழுதினேன். ஒரு லோடு தவறான விலைக்கு எடுத்ததற்காகப் பங்காளிகள் ஜென்மத்துக்கும் பிரிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் மூன்று மாதம் பேசாத தகப்பனைப் பார்த்திருக்கிறேன். பரீட்சை விஷயத்தில் அரசாங்கம் பரவாயில்லை. பிளஸ் டூவில் தவறிய பிள்ளைக்குச் சில வாரத்திலேயே துணைத்தேர்வு வைத்து, அந்த வருடமே மேலே படிக்க வழி செய்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தவறியவன் மாதக்கணக்கில் காத்திருந்தான். படிப்புக்குக் கிடைத்த அந்தக் கருணை மைதானத்துக்கும் வர வேண்டும்.

பையன்களுக்காவது வேறு வழி இருக்கிறது. கோயில் கொடை, பொங்கல் என்று தென்மாவட்டக் கிராமங்களில் விடிய விடியக் கபடி நடக்கிறது. பள்ளியில் தோற்றவன் ஊர் அணியில் இறங்கிப் பத்து ஆட்டம் ஆடிவிடுகிறான். 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்தக் கிராமத்து மண்ணிலிருந்து போனவர்தான். பூப்பந்து எங்கள் ஊர்களில் மெலிந்து, கபடி தழைத்து நிற்பதற்கு இந்தக் கிராமத்து ஆட்டங்களே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பெண்பிள்ளைகளுக்கு அந்த வழியும் குறுகலாகத்தான் இருக்கிறது. இரவு ஆட்டத்துக்கு எந்தத் தாய் அனுப்புவாள்?

மாஸ்டர் வைத்த மாதிரிச் சனிக்கிழமை ஆட்டத்தை இவர்களுக்கும் வைத்தால் என்ன? செங்கோட்டை, புளியரை, இலஞ்சி, பண்பொழி, தென்காசி எல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஸ் பாஸ் இருக்கிறது. கோடு போடச் சுண்ணாம்புப் பொடி வேண்டும், விசில் வேண்டும், பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் நடுவராக நிற்க வேண்டும். இரண்டு பள்ளி பி.இ.டி. ஆசிரியைகளைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேருமே, "அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் ஐயா, வைப்போம்" என்றார்கள். ஒருவர் கூடவே, "இவ்வளவு நாள் யாரும் வந்து கேட்கலையே" என்றார். அதுதான் வலித்தது.

பேத்தியிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, கோப்பை உண்டா என்று அல்ல. "தோத்தாலும் அடுத்த வாரம் உண்டா தாத்தா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினாள்.

சுண்ணாம்புப் பொடி மூட்டையைத் திண்ணையில் வைத்திருக்கிறேன். மார்கழிப் பனி இறங்குகிறது, அதனால் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன்.