படிக்காமலே தீர்ப்பு எழுதினேன்

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனைப் படிக்காமலே ஆண்டர்சனுக்காக வக்காலத்து வாங்கி ஒரு திரை விமர்சனம் எழுதியிருக்கிறேன். படம், டான் புளூத்தும் கேரி கோல்ட்மனும் இயக்கி 1994-இல் வெளியான ‘தம்பலீனா’. மூலக்கதையின் உயிரை எடுத்துவிட்டார்கள் என்று அதில் அடித்துச் சொன்னேன். மூலக்கதை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சிறுவயதில் புரட்டிய ஒரு வண்ணப்படப் புத்தகம்தான். பக்கத்துக்கு இரண்டு வரி. பூவுக்குள் ஒரு குட்டிப் பெண், குருவி முதுகில் பயணம், கல்யாணம், சுபம்.

துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. அந்தப் படத்தை அடிப்பதற்கு யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. 28 மில்லியன் டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்கத் திரையரங்குகளில் அதில் பாதியைக்கூட வசூலிக்கவில்லை. பாரி மானிலோ இசையில் வந்த ‘மேரி தி மோல்’ பாடலுக்கு, மிக மோசமான பாடல் என்று ராஸ்பெரி விருது வேறு கொடுத்தார்கள். ஏற்கெனவே விழுந்து கிடந்ததை நானும் நாலு சாத்து சாத்திவிட்டு, அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். 1979-இல் டிஸ்னியை விட்டு வெளியேறி ‘தி சீக்ரெட் ஆஃப் நிம்’ எடுத்த புளூத், டிஸ்னியின் ஏரியலுக்குக் குரல் கொடுத்த ஜோடி பென்சனையே அழைத்துவந்து டிஸ்னி மாதிரியே ஒரு படம் எடுத்தார் என்று எழுதினேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் இன்றும் நிற்கும்.

மற்றவை நிற்காது. காதலாவது கத்தரிக்காயாவது, வசதியான அகழெலியைக் கட்டிக்கொள் என்று வயலெலி புத்தி சொல்வதுதான் அந்தப் பாட்டு. குழந்தைக் கதைக்குள் பணத்தாசையை நுழைத்த வணிகப் புத்தி என்று சீறினேன். வண்டுகள் கூடி தம்பலீனாவை அவலட்சணம் என்று கேலி செய்யும் காட்சியை மலிவான அமெரிக்க நகைச்சுவை என்றேன். படம் பெருமளவு அயர்லாந்தின் டப்ளின் நகரில் உருவானது என்பதைக்கூட நான் விசாரிக்கவில்லை.

பல வருடம் கழித்து, வேறொரு கட்டுரைக்காக ஆண்டர்சன் கதைத் தொகுதியைக் கையில் எடுத்தேன். 1835-இல் கோபன்ஹேகனில் வெளிவந்த கதை. நான் சீறிய இரண்டும் அதிலேயே இருந்தன. அகழெலியின் சமையலறையும் நிலவறையும் நிறைந்து கிடக்கின்றன, இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல் என்கிறது வயலெலி. முரண்டு பிடித்தால் கடித்துவிடுவேன் என்றும் மிரட்டுகிறது. இவளுக்கு இரண்டே கால்கள், உணர்கொம்பும் இல்லை, மனுஷப் பிறவி மாதிரி இருக்கிறாள் என்று வண்டுப் பெண்கள் முகம் சுளிக்கின்றன. நான் படத்தின் தலையில் கட்டிய கசப்பெல்லாம் ஆண்டர்சனுடையது.

படம் சறுக்கிய இடம் வேறு. ஆண்டர்சனிடம் இளவரசன் கதையின் கடைசியில்தான் வருகிறான். அதுவரை தம்பலீனா ஒரு கோடை முழுக்கக் காட்டில் தனியாக வாழ்கிறாள். புல்லைப் பின்னிப் படுக்கை செய்துகொள்கிறாள். குளிர்காலத்தில், சுரங்கப் பாதையில் செத்துக் கிடப்பதாக எல்லோரும் நினைத்த தகைவிலான் குருவிக்கு வைக்கோலால் போர்வை பின்னிப் போர்த்துகிறாள். பிழைத்த குருவி வசந்தத்தில் தன்னோடு வரச் சொல்லும்போது, வயலெலிக் கிழவி வருத்தப்படுவாளே என்று மறுத்துவிடுகிறாள். கதையின் கனம் முழுவதும் அந்த மறுப்பில் இருக்கிறது. இலையுதிர்காலத்தில், கல்யாண நாளன்று, அதே குருவி திரும்பி வந்து அவளைச் சுமந்து செல்கிறது. படத்திலோ இளவரசன் முதல் இரவிலேயே வண்டுத்தேனீ மேலேறி வந்து டூயட் பாடிவிடுகிறான். குருவியும் குளிர்காலத்துக்கு வெகுமுன்பே அவளுக்குத் தோழனாகிவிடுகிறது. நாதியற்ற ஓர் உயிர் இன்னொரு நாதியற்ற உயிருக்குச் செய்த உதவி, காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதையாகச் சுருங்கிவிட்டது. நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். படிக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்?

இதைவிடக் கேவலமானது, தெரிந்த பிறகும் வாய் திறக்காதது. மூலத்தை ஆழ்ந்து வாசித்தவர் எழுதிய விமர்சனம் என்று ஒருவர் என் எதிரிலேயே பாராட்டியபோது தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். திருத்தம் எழுத நினைத்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். ஓடாத படத்துக்காக யார் வந்து சண்டை போடப்போகிறார்கள் என்ற தெம்பில் இருந்துவிட்டேன். வெற்றிப் படமாக இருந்திருந்தால் அதன் ரசிகர்கள் சட்டையைப் பிடித்திருப்பார்கள்; நானும் முதலிலேயே ஒழுங்காகப் படித்துவிட்டு எழுதியிருப்பேன்.

‘தம்பலீனா’ ஏமாற்றமான படம் என்ற முடிவில் இன்றும் மாற்றமில்லை. அதற்கு நான் சொன்ன காரணங்கள் தவறு. மூலம் அறிந்தவன்போல் பேசியது பொய். நம்பிப் படித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கதையைப் படிக்க அரை மணி நேரம் போதும். இனி யாராவது மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதினால், அது நானாகவே இருந்தாலும், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.