இரு திரைகளும் ஒரு மின்னலும்

தமிழாசிரியனுக்குங் கமராவுக்கும் என்ன உறவென்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். பாடசாலை விழாக்களிற் படம் பிடிக்கும் பணி எப்படியோ என் தலையில் விடிந்தது. அன்று தொட்டு, அக்குறணையிற் கமரா வைத்திருப்போர் ஐயம் தெளிய என்னிடம் வருவதுண்டு.

சென்ற ஆண்டு வந்தவர் என்னிடம் பயின்ற ஒருவர். திருமணப் படங்கள் பிடித்தே குடும்பம் நடத்துபவர். பிளாஷ் போட்டெடுத்த படங்களில் மூன்றிலொரு பங்கு கரும்பட்டையாய் இருண்டிருந்தது. ஷட்டர் பழுது, மாற்றவேண்டும் என்று ஒரு கடைக்காரர் கூறிவிட்டாராம். மனைவியின் காப்பை அடகு வைக்கும் எண்ணத்தோடு நின்றார்.

"என்ன வேகத்தில் எடுத்தீர், தம்பி?" என்றேன்.

"ஐந்நூறிலொரு செக்கன், சேர்."

நோய் விளங்கிற்று.

டி.எஸ்.எல்.ஆர். கமராவின் ஷட்டரில் இரு திரைகள் உள. முதற்றிரை விலகி ஒளிக்கு வழிவிடும்; இரண்டாந்திரை பின்தொடர்ந்து மூடும். பெரும்பாலான கமராக்களில் ஏறத்தாழ 1/200 செக்கன் வரையில், உணரி முழுவதும் ஒரு கணமேனும் திறந்திருக்கும். அதனினும் விரைவு கூட்டினால், முதற்றிரை ஓடி முடியுமுன் இரண்டாவது புறப்பட்டுவிடும்; ஒரு பிளவு மட்டுமே ஊர்ந்து செல்லும். பிளாஷோ பெரும்பாலும் ஆயிரத்திலொரு செக்கனுக்குள் மின்னி மறைவது. அக்கணத்தில் திரை மறைத்த பகுதி இருளாமல் வேறென்னாகும்? கமராவுக்கென்றே செய்த பிளாஷைத் தலையிற் பொருத்தினால், பெரும்பாலும் கமராவே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். அவருடையது மலிவான கம்பியில்லாக் கருவியால் இயங்குவது. அதற்கு அந்த நாகரிகம் தெரியாது. 1/160 இல் வைத்ததும் பட்டை மறைந்தது. காப்பும் கையிலேயே தங்கிற்று.

வேகத்தைக் குறைத்தாற் பிளாஷின் ஒளி கூடுவதில்லை; சூழலின் ஒளிதான் கூடும். இதன் அழகைக் கண்டி எசல பெரஹராவிற் காணவேண்டும். வீதியெங்கும் கொப்பரை எரியும் தீவட்டிகள். வேகத்தை 1/15 ஆக்கி, இரண்டாந்திரை மூடுவதற்குச் சற்றுமுன் பிளாஷ் மின்னும்படி அமைத்தால், சுழலும் தீப்பந்தத்தின் தடம் பின்னே நீள, ஆடுபவன் தெளிந்து நிற்பான். தொடக்கத்தில் மின்னினால், தீ அவனை முந்தி ஓடியதுபோற் கோணும். யானைகளின் கண்ணுக்கு நேரே மட்டும் மின்னவிடுதல் ஆகாது. இதை அவருக்கு இருமுறை சொன்னேன்.

தக்க பிளாஷொன்றை இரவல் வாங்கிச் சென்றவர், மறுவாரம் ஒரு படம் கொணர்ந்தார். தீவளையத்தின் நடுவே ஒரு முகம். நெற்றி வியர்வையும் தெரிந்தது. விலை கேட்டேன். வாங்க மறுத்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.