தெப்பக்குளம் மூன்று சுற்று, ஆப்பில் பூஜ்யம்

விடிவதற்கு முன்பே மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நான்கு கரையிலும் நடப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். அவர் தம் மஹால் கட்டச் செங்கல் அறுப்பதற்கு மண் எடுத்த இடம் என்பார்கள். நீளம் ஏறத்தாழ 305 மீட்டர், அகலம் 290. சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் 1.2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் கட்டிய ஃபிட்னஸ் வாட்ச் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க நல்ல அளவுகோல் இந்தக் குளம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 400 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது, அது இன்னும் துல்லியம்தான். ஆனால் நான் பார்க்க வந்த அக்கா காமராஜர் சாலைப் பக்கம் குடியிருப்பவர். அவர் அன்றாடம் நடக்கிற இடத்தில் சோதித்தால்தான் கோளாறு பிடிபடும்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சுகர் உண்டு. தினம் நடக்கவும், சாப்பிடுவதை எழுதி வைக்கவும் டாக்டர் சொல்லியிருக்கிறார். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் மகன், அம்மா பெயரில் கலோரி ஆப்பில் அங்கிருந்தே கணக்குத் தொடங்கி, லீவில் வந்தபோது வாட்சையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

“மூணு சுத்து வாரேன் தம்பி. வீட்டுக்குப் போயி ஆப்பைத் தொறந்தா இன்னைக்கு ஒண்ணுமே நடக்கலைங்குது. இன்னொரு நாளு பாத்தா பதினஞ்சாயிரம் ஸ்டெப்புங்குது. எதைத்தான் நம்புறது?”

பூஜ்யம் காட்டுவதைவிட எனக்குக் கவலை தந்தது அந்தப் பதினைந்தாயிரம்தான். நடந்த கணக்கு வந்து சேர்ந்ததும் இந்த ஆப்கள் எரிந்த கலோரியை அன்றைய சாப்பாட்டு அளவோடு கூட்டி, இவ்வளவு இன்னும் சாப்பிடலாம் என்று பச்சை எழுத்தில் காட்டும். 68 கிலோ எடையுள்ள ஒருவர் தெப்பக்குளத்தை மூன்று சுற்று வந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக எரிவது நூற்றிருபது, நூற்றைம்பது கலோரிதான் இருக்கும். ஒரு பரோட்டா அதைத் தாண்டிவிடும். கணக்கு இரட்டித்து வந்து, அதை நம்பி ஒருவர் இரவில் தட்டில் கூடுதலாக வைத்துக்கொண்டால், நடந்தது அத்தனையும் வீண். சுகர் உள்ளவருக்கு அது வீணோடு நிற்காது.

முதல் சுற்றை வாட்சை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தோம். கிளம்பும்போது இருந்த எண்ணையும் திரும்பி வந்தபோது இருந்ததையும் குறித்துக்கொண்டேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஸ்டெப். 1,200 மீட்டரை அதால் வகுத்தால் ஸ்டெப்புக்கு 60 சென்டிமீட்டர். அக்காவின் உயரத்துக்குப் பொருந்துகிற எண்தான். தூரம் மட்டும் 0.7 என்று இருந்தது. “பாத்தீங்களா, பாதிதான் காட்டுது” என்றார். அது மைல் கணக்கு. அமெரிக்காவில் தொடங்கிய கணக்கு என்பதால் அளவும் மைலாக இருந்தது. கிலோமீட்டருக்கு மாற்றியதும் ஒரு புகார் தீர்ந்தது. வாட்ச் நன்றாகவே எண்ணுகிறது என்பதும் உறுதியாயிற்று.

கரையோர டீக்கடையில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தோம். வாட்சும் கலோரி ஆப்பும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வாட்ச் தன் எண்ணை புளூடூத் வழியாக, வாட்ச் கம்பெனியின் ஆப்புக்குக் கொடுக்கிறது. அந்த ஆப், நடுவில் உள்ள ஒரு பொது இடத்தில் அதை வைக்கிறது. அங்கிருந்துதான் கலோரி ஆப் எடுத்துக்கொள்கிறது. திருமங்கலத்திலிருந்து மேலூர் போகிறவர் பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு மாறி, அங்கே வேறு பஸ் ஏறுவது போல. ஆள் வந்து சேரவில்லை என்றால் எந்த நிலையத்தில் நிற்கிறார் என்று விசாரிக்க வேண்டும். அதற்குள் கிளம்பிய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

திருப்பி அனுப்புவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். சிங்க் ஆகவில்லை என்றதும் வாட்சை ரீசெட் அடித்துவிடுகிறார்கள். வாட்சில் இருந்து இன்னும் போனுக்கு வராத கணக்கு அதோடு அழிந்துபோகும். செல்போன் கடையில் கொடுத்தாலும் பல நேரம் இதுவே நடக்கிறது. சரியான எண் கடைசியாக எங்கே தெரிகிறது என்று மூன்று இடத்திலும் வரிசையாகப் பார்த்தாலே போதும், கோளாறு அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கும்.

வாட்ச் கம்பெனி ஆப்பைத் திறந்து திரையை விரலால் கீழே இழுத்தேன். சில நொடியில் வாட்சில் இருந்த அதே எண் வந்துவிட்டது. அப்படியானால் புளூடூத்தில் குறை இல்லை, ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது, திறக்காவிட்டால் வருவதில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்களைப் போன் தானாக நிறுத்திவிடுகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஆட்டோஸ்டார்ட் என்று இருந்ததையும் போட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்றொரு அனுமதி தனியாக இருக்கிறது. அதற்கு முந்தைய போன்களில் புளூடூத் சாதனத்தைத் தேடவே லொக்கேஷன் அனுமதி வேண்டும். அக்கா போனில் அது சரியாக இருந்தது.

“இந்த வாட்சை வேற எந்தப் போன்லயாவது போட்டீங்களாக்கா?”

“அவரு போன்ல ஒருக்கா போட்டுப் பாத்தோம். ஏன்?”

பெரும்பாலான வாட்சுகள் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் சேரும். வீட்டுக்காரர் போன் பக்கத்தில் இருந்தால் அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். அவர் போனில் மட்டும் வாட்சின் பெயரை நீக்கச் சொன்னேன்.

அடுத்து நடுவில் உள்ள இடம். ஆண்ட்ராய்டு போனில் அதன் பெயர் ஹெல்த் கனெக்ட். 2022-ல் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து அறிவித்தது. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு முந்தைய போன்களில் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஐபோனில் ஹெல்த் என்ற ஆப் 2014 முதல் இதே வேலையைச் செய்கிறது. 2014-லேயே வந்த கூகுள் ஃபிட் வழியாக இணைத்து வைத்தவர்கள் மாறிக்கொள்வது நல்லது. 2024 மே மாதம் முதல் அந்த வழியில் புதிய ஆப்களைச் சேர்ப்பதையே கூகுள் நிறுத்திவிட்டது.

ஹெல்த் கனெக்டில் எந்த ஆப் எழுதலாம், எந்த ஆப் படிக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. அங்கேதான் பதினைந்தாயிரத்தின் ரகசியம் கிடைத்தது. வாட்ச் ஆப் ஸ்டெப் எழுதுகிறது. போனில் இருந்த இன்னொரு நடை ஆப், போனின் சென்சாரை வைத்துத் தானும் எழுதுகிறது. அக்கா போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பவர், ஆகவே தெப்பக்குளத்து நடை இரண்டு முறை ஏறியிருக்கிறது. அதோடு, வாட்ச் கம்பெனியின் கணக்கும் கலோரி ஆப்பும் இன்டர்நெட் வழியாக நேராகவும் இணைக்கப்பட்டிருந்தன. இது மகன் போட்ட இணைப்பு. ஒரே எண் இரண்டு வழியில் வந்து சேர்ந்தால் இந்த ஆப்களில் எது எப்போது கூட்டும், எது தள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நேரடி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஹெல்த் கனெக்ட் வழியை மட்டும் வைத்தேன். போன் நடை ஆப்பின் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு, முன்னுரிமைப் பட்டியலில் வாட்சை மேலே ஏற்றினேன். புதிதாக அனுமதி கொடுத்தால் பொதுவாக முந்தைய 30 நாள் கணக்கு வரைதான் ஓர் ஆப்பால் படிக்க முடியும். அதற்கு முந்தியது வரவில்லையே என்று தேட வேண்டியதில்லை.

இன்னொரு இரட்டிப்பும் இருந்தது. நோட்டில் எழுதிப் பழகிய கை என்பதால், வாட்ச் அனுப்பினாலும் ‘நடை, முக்கால் மணி நேரம்’ என்று ஆப்பில் அக்கா தானும் எழுதி வந்திருக்கிறார். அதை நிறுத்தச் சொன்னேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அன்றைய பக்கத்தில் காலை நடை வரவில்லை. நேற்றைய பக்கத்தைப் புரட்டினால் அங்கே உட்கார்ந்திருந்தது. ஆப் கணக்கின் நேர மண்டலம் இன்னும் நியூ யார்க்கில் இருந்தது! மதுரையில் காலை ஐந்தரை என்றால் அங்கே முந்தைய நாள் மாலை ஏழு, கோடையில் எட்டு. அக்காவின் விடியற்காலை நடை முழுவதும் நேற்றையதாகவும், காலை எட்டு மணி இட்லியும் அப்படியே நேற்றைய இரவுச் சாப்பாடாகவும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். போனில் மணி சரியாக இருந்தாலும் கணக்கின் உள்ளே பழைய ஊர் ஒளிந்திருக்கும்.

அக்காவுக்கு அன்று மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. நானும் போனேன். கோயிலுக்குள் செல்போனுக்கு 2018 முதல் தடை இருக்கிறது, வெளியிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். போன் அருகில் இல்லாத நேரத்தில் வாட்ச் என்ன செய்கிறது என்று பார்க்க நல்ல வாய்ப்பு. ஆடி வீதியைச் சுற்றிவிட்டு, தரிசனம் முடித்து, போனை வாங்கிக் கையில் எடுத்தபோது ஸ்டெப் எண்ணிக்கை பழையபடியே நின்றது. வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே, ஆப்பைத் திறக்காமலே, ஏறிவிட்டது. வாட்சுகள் தம் நினைவில் கொஞ்ச நாள் கணக்கை வைத்திருக்கும். ஃபிட்பிட் தன் பெரும்பாலான கருவிகளில் நிமிடவாரி விவரத்தை 7 நாளும், அன்றாட மொத்தத்தை 30 நாளும் வைத்திருப்பதாகச் சொல்கிறது. தூரம் மட்டும் போனின் ஜிபிஎஸ் இல்லாமல் ஸ்டெப் கணக்கைக் கொண்டு போட்டது. அதற்குத்தான் அந்த 60 சென்டிமீட்டரை வாட்ச் ஆப்பில் எழுதி வைக்கச் சொன்னேன்.

அக்காவின் தங்கை சோழவந்தான் பக்கம் விவசாயக் குடும்பத்தில் இருக்கிறார். அவருக்கும் ஒன்று வாங்கித் தரலாமா என்று கேட்டார். இந்த வாட்ச் தேடுவது நடக்கும்போது கை சீராக முன்னும் பின்னும் வீசுவதை. சேற்றில் குனிந்து நாற்று நடுபவரின் கை அப்படி வீசாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கூடையைத் தலையில் ஏற்றி இரு கையாலும் பிடித்துக்கொண்டு போகிறவர் எத்தனை நடை நடந்தாலும் கருவிக்கு அது முழுதாகத் தெரியாது. உடம்பால் அதிகம் உழைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கருவி குறைவாக எழுதுகிறது. எனக்கு இது வருத்தம் தருகிற விஷயம். தங்கைக்கு வாட்ச் வேண்டாம் என்றேன்.

எரிந்த கலோரி என்று வருகிற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-ல் ஏழு கைக்கருவிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியில், இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். கருவி கலோரியை அளப்பதில்லை. வயது, எடை, உயரம், அசைவு, துடிப்பு இவற்றை வைத்து ஊகிக்கிறது. 1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரப்படி, 68 கிலோ எடையும் 152 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அக்காவின் உடம்பு சும்மா படுத்திருந்தாலே நாளுக்கு ஏறத்தாழ 1,180 கலோரி செலவழிக்கும். வாட்ச் காட்டும் மொத்தத்தில் இதுவும் அடக்கம். மதியமே ஆயிரத்தை நெருங்கும்போது அவ்வளவும் நடையால் எரிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எரிந்ததைச் சாப்பாட்டு அளவோடு கூட்டும் வசதியையே ஆப்பில் அணைத்துவிட்டோம்.

மிச்சம் இருந்தது சாப்பாட்டுப் பக்கம். இட்லி என்று தேடினால் பயனாளர்கள் எழுதிப்போட்ட பதிவுகள் வரிசையாக வந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இரட்டிப்பு வித்தியாசம். சமையலறைத் தராசில் நம் வீட்டு இட்லியை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, கிராம் கணக்கில் சொந்தப் பதிவாக வைத்துக்கொள்வதே வழி. பருத்திப்பால் என்று தேடியதற்குப் பொருத்தமாக எதுவும் வரவில்லை. நம் நாட்டு உணவுகளுக்கு நம்பத்தக்க ஆதாரம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை. 528 உணவுப் பொருள்கள் அதில் இருக்கின்றன. இதற்கு முன் பயன்பட்டு வந்த பழைய அட்டவணையின் ஆசிரியர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். ஆனால் அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் சமைக்காத பொருள். வெல்லமும் அரிசியும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி, எண்ணெய் 900. அக்கா வீட்டில் பருத்திப்பால் காய்ச்சும்போது எவ்வளவு வெல்லம், எவ்வளவு அரிசி மாவு, எவ்வளவு தேங்காய் என்று நிறுத்து, ‘சொந்தச் சமையல்’ என்ற இடத்தில் எழுதி, எத்தனை டம்ளர் வந்தது என்று வகுத்தோம். கணக்கைப் பார்த்ததும் வெல்லத்தை இனிமேல் குறைத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார்.

டாக்டரிடம் எதைக் காட்டுவது என்று கடைசியாகக் கேட்டார். வாரவாரம் நடந்த ஸ்டெப், எடை, வெறும் வயிற்று சுகர் இவற்றை எடுத்துப்போகச் சொன்னேன். எரிந்த கலோரிப் பக்கம் வேண்டாம் என்றேன்.

“அப்ப இந்த இட்லி, பருத்திப்பால் கணக்கு?”

“அதை மொதல்ல காட்டுங்கக்கா.”