கடல் தெற்கில், ஊர் வடக்கில்

அக்டோபர் கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினால் போதும், பிளேஸ்டோவில் எங்கள் பேச்சே மாறிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வர முன்பே தெருவிளக்கு எரியும். டிசம்பர் நடுவில் 4 மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பள்ளி வாசலிலும் கிரீன் ஸ்ட்ரீட் மரக்கறிக் கடையிலும் கேள்வி ஒன்றுதான்: "இந்த முறை வெயிலுக்கு எங்க போறீங்கள்?" ஒருவர் டெனரீஃப் என்பார், இன்னொருவர் துபாய் என்பார். மூன்றாவது ஆள் "ஊருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இங்கே பிறந்து வளர்ந்து, இப்போது பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு "வின்டர் சன்" என்பது விலைப்பட்டியலைப் பார்த்து முடிக்கிற விஷயமாக இருப்பதில்லை.

முதலில் டெனரீஃப் கணக்கைப் போட்டோம். ஸ்பெயினுக்குச் சொந்தமான கனரித் தீவுகளில் பெரியது, ஆபிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பறப்பு நாலரை மணித்தியாலம் அளவில். லண்டன் நேரமேதான் அங்கும், ஆகவே பிள்ளைகளின் நித்திரை குழம்பாது. தீவின் தெற்குப் பக்கத்தில் டிசம்பரிலும் பகலில் 20 பாகை தாண்டும். கடல் தண்ணீர்தான் குளிர், அதுவும் 20 பாகை அளவில். என் மகனுக்கு அது போதும். ஈஸ்ட் ஹாம் நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளை அவன்.

சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பின்னால் வந்து நின்றா.

"வெயிலுக்காகக் காசு குடுத்து ஆற்றையோ தீவுக்கு ஏன் பிள்ளை போகோணும்? எங்களுக்கெண்டு ஒரு தீவு கிடக்குத்தானே."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டா. எங்களுக்கு வேலை தொடங்கியது.

இலங்கைக்கு ஒரு பருவம் இல்லை, இரண்டு பருவம். சோளகம் என்று எங்கட ஆக்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று மே முதல் செப்டெம்பர் வரை தெற்கையும் மேற்கையும் நனைக்கும். அந்த நாட்களில் நிலாவெளி, பாசிக்குடா, முல்லைத்தீவுப் பக்கக் கடல் குளம் போலக் கிடக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்று ஒக்டோபருக்குப் பிறகு மாரியைக் கொண்டு வந்து வடக்கிலும் கிழக்கிலும் கொட்டும். நடுவில் 2,500 மீற்றர் வரை எழும்பி நிற்கிற மலைநாடு அதை மறிப்பதால், டிசம்பர் முதல் மார்ச் வரை பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் நல்ல வெயில்.

மீன்பிடிக்கிறவர்களுக்கு இது பழைய பாடம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சோளகத்தில் வடகிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். வாடை தொடங்க வீடு திரும்புவார்கள். டிசம்பர் மாத விளம்பரத்தில் வருகிற நீலக் கடல் தெற்கில் எடுத்த படம். எங்கள் அப்பா அம்மா பிறந்த கரையில் அந்த மாதம் வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கிடக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியும் இந்தக் காலத்தில்தான் வந்தன.

இனி எங்கட பள்ளிக்கூடக் கலண்டரை அதன் மேல் வைத்துப் பாருங்கள். நத்தாருக்கு இரண்டு கிழமை: தெற்கில் வெயில், வடக்கில் மழை. பெப்ரவரி அரைத் தவணை: யாழ்ப்பாணம் காய்ந்து, இதமாக இருக்கும், ஆனால் ஒரு கிழமைதான். 11 மணித்தியாலம் பறந்து போய் நேரமாற்றம் தெளிய முன்பே திரும்ப வேண்டும். ஓகஸ்ட்: கிழக்குக் கடல் அமைதி, நல்லூரில் 25 நாள் திருவிழா, ஆனால் லண்டனிலும் அப்போது வெயில்தான். பள்ளி நாட்களில் ஐந்து நாள் எடுத்துக்கொண்டு போகலாமே என்று சிலர் சொல்வார்கள். 2024 ஓகஸ்டில் இருந்து இங்கிலாந்தில் அதற்குத் தண்டம் ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 80 பவுண்ஸ். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளையும் இரண்டு பெற்றோரும் என்றால் 320 பவுண்ஸில் தொடங்கும்.

ஆகவே நத்தார் என்றால் தெற்கு. அதை அம்மாவிடம் சொன்னபோது அவ கேட்டது: "தெற்கோ? அங்க எங்களுக்கு என்ன கிடக்கு?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. 1983 ஆடியில் அம்மாவும் அப்பாவும் வெள்ளவத்தையில் இருந்தார்கள். அகதி முகாமில் இருந்து கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கி விடப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் அவர்களும் இரண்டு பேர். அதன் பிறகு கொழும்பு விமான நிலையம் தவிர, அந்தப் பக்கத்தில் அம்மா ஒரு இரவு தங்கியதில்லை. எனக்கு உனவட்டுன ஒரு அழகான வளைகுடா. அம்மாவுக்கு அது தமிழ் கதைக்கப் பயந்த திசை.

அவவுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. 1911இல் காலி நகரத்தில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டு திகதியிட்டுக் கொண்டுவந்த கல். அதில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு. தெனாவரை என்பது மாத்தறையைத் தாண்டி, தீவின் தென்கோடியில் இருக்கிற தெவிநுவர. அங்கே இருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 600 வருஷத்துக்கு முன்பு அந்தக் கடற்கரைக்குக் கப்பலில் வந்த சீனன், இங்கே தமிழில் எழுதாமல் சரிவராது என்று நினைத்திருக்கிறான்.

அம்மா கேட்டுக்கொண்டு இருந்தா. "கல்லில இருந்தா நல்லதுதான்," என்றா. "ஆக்கள் என்ன மாதிரி இப்ப?"

அதற்குக் கல்வெட்டு பதில் சொல்லாது. போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் இருந்தது. நத்தார் விடுமுறை என்றால் டிசம்பர் 26 அதற்குள் வரும். அம்மாவின் ஊர் முல்லைத்தீவு. 2004இல் அந்தத் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தியும் அவவின் சின்ன மகனும் கடலோடு போய்விட்டார்கள். எங்கள் வீட்டு டிவியில் அன்று திரும்பத் திரும்பக் காட்டியது காலி பஸ் நிலையத்தை. முல்லைத்தீவுச் செய்திக்காகத் தொலைபேசியின் பக்கத்திலேயே அம்மா இரண்டு நாள் இருந்தா. ஐந்து வருஷம் கழியாமல், 2009 மே மாதத்தில், அதே கரையில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் யுத்தம் முடிந்தது. எங்கள் பல குடும்பங்களுக்குக் "கடற்கரை" என்ற சொல்லில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. குடையும் ஐஸ்கிறீமும் பிறகுதான் வரும்.

அப்படியானால் பிள்ளைகளை அங்கே குளித்து விளையாடக் கூட்டிக்கொண்டு போகலாமா? இந்தக் கேள்வியை எங்கள் வயது பெற்றோர் பலர் கேட்கிறார்கள், ஆனால் வாய்விட்டுக் கேட்பதில்லை. சிலர் இதனாலேயே போவதில்லை. சிலர் போய், பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லாமல் ஹோட்டல் குளத்தோடு திரும்புகிறார்கள். வேறு சிலர் இரண்டு கிழமையும் துக்கவீடு துக்கவீடாகக் கூட்டித் திரிந்து, பிள்ளை "இனி நான் வரமாட்டன்" என்று சொல்லும்வரை விடுவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு இரவு இருந்து கதைத்து, கடலையும் ஊரையும் தனித்தனியாக வைப்பது என்று முடிவெடுத்தோம். கடலுக்காக ஊரை மழை என்று குறை சொல்லக் கூடாது. ஊருக்காகப் பிள்ளைகளின் விடுமுறையைப் பறிக்கவும் கூடாது. இரண்டும் ஒரே பயணத்தில் இருக்கும், ஒன்றை மற்றதற்குப் பின்னால் ஒளிக்கமாட்டோம்.

திட்டம் இதுதான். இறங்கிய முதல் இரவு நீர்கொழும்பில் நித்திரை, ஏனென்றால் விமான நிலையம் பக்கத்தில், நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடும். அடுத்த ஆறு இரவு உனவட்டுனவில். நெடுஞ்சாலை இருப்பதால் இப்போது தெற்குக்குப் போவது சுலபம். 26ஆம் திகதி காலை ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் பெரேலிய நினைவிடத்துக்குப் போவோம். மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலை அலை அடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த இடம். 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிஷம் மௌனம். இறந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களச் சனம். "அவையும் எங்களை மாதிரி நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்திருப்பினம்," என்று இதைச் சொன்னபோது அம்மா சொன்னா. அதோடு பயணத்துக்குச் சம்மதமும் வந்தது.

பிறகு கொழும்பில் ஒரு நாள், அருங்காட்சியகத்தில் அந்தக் கல். அதன் பின் ஏ9 வழியாக வடக்கு. மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு, அன்று மாலை யாழ்ப்பாணம், அங்கே நாலு நாள். நாலு நாளில் பதினாலு வீடு என்ற வழமையான கணக்கை இம்முறை ஆறு வீடாகக் குறைத்திருக்கிறோம். மிச்ச ஆக்களை ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறோம். பெரியம்மா கோபிப்பா. அதை அம்மா பார்த்துக்கொள்ளுவா.

போக நினைக்கிறவர்களுக்கு, நாங்கள் தேடிச் சேர்த்த சில விஷயங்கள். பிள்ளைகளின் பிரித்தானியக் கடவுச்சீட்டு 5 வருஷம்தான் செல்லும், இலங்கைக்கு 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், இப்போதே எடுத்துப் பாருங்கள். ஈ.டி.ஏ. அனுமதியின் விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுத்தபின் அரசாங்க இணையத்தளத்திலேயே பாருங்கள். தெற்குக் கடலில் வெயில் இருந்தாலும் இழுவை உண்டு. சிவப்புக் கொடி நின்றால் முழங்கால் அளவும் வேண்டாம். பவளப்பாறை மறைப்புள்ள குடாக்கள் சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. எங்கட தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது பழங்கதை. காலி பூமத்திய ரேகைக்கு 6 பாகை வடக்கேதான், கறுத்த தோலும் எரியும். வடக்கில் மாரி என்றால் டெங்கு நுளம்பு, அது பகலில் கடிக்கும். பெரியவர்களின் மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

விடுதி எடுக்கும்போது யாருடையது என்றும் கேளுங்கள். காங்கேசன்துறையில் இராணுவம் நடத்துகிற கடற்கரை விடுதி உண்டு. அந்தப் பகுதியில் 1990இல் எழும்பிப் போன சனத்தின் காணி முழுவதும் இன்னும் திரும்பவில்லை. எங்கள் காசு எந்தக் கையில் போகிறது என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஊர்க்காரர் நடத்துகிற சின்ன விடுதிகள் தெற்கிலும் இருக்கின்றன, வடக்கிலும் இருக்கின்றன.

மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்குச் சித்தியின் கதையைச் சொன்னோம், படம் காட்டினோம். 2009ஐயும் அவள் கேட்கும் அளவுக்குச் சொன்னோம். ஏழு வயது மகனுக்கு "அம்மம்மாவின் தங்கச்சி கடலில் செத்துப்போனா" என்பதோடு நிறுத்தினோம். மகள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டாள்: "அம்மம்மா, உங்கட கடல்ல நாங்க நீந்தலாமா?"

"மாரியில ஏலாது குஞ்சு. பாக்கலாம். எங்கட கடலும் அப்ப லீவு. ஆடியில வா, நானும் காலை நனைக்கிறன்."

2004க்குப் பிறகு அம்மா எந்தக் கடலிலும் கால் வைத்ததில்லை. சவுத்எண்டுக்குப் போனாலும் வாங்கிலில் இருந்து கொண்டு செருப்புகளுக்குக் காவல் இருப்பா. அதனால் அந்தப் பதிலை நாங்கள் எல்லோரும் குறித்து வைத்துக்கொண்டோம்.

ஓகஸ்ட் பயணத்துக்கு வங்கி ஆப்பில் தனியாக ஒரு கணக்குத் திறந்தோம், மாதம் 100 பவுண்ஸ். மகள் அதற்கு "அம்மம்மாவின் கடல்" என்று பெயர் வைத்திருக்கிறாள். இப்போது அதில் 200 பவுண்ஸ் இருக்கிறது.