படிக்கப் போன பிள்ளைக்கு எது வீடு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கலந்தாய்வு அறிவிப்பும் வந்துவிட்டால் புதுச்சேரியின் பாகூர் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். நெட்டப்பாக்கம், மடுகரை, கரியமாணிக்கம், ஏம்பலம் என்று சுற்றுவட்டாரத்துப் பெற்றோர்கள் ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்தாலும் விசாரணை, கையெழுத்து என்று ஒரு நடையாவது நடக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு வேண்டியது குடியிருப்புச் சான்றிதழ். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து புதுச்சேரியில் குடியிருப்பவர் என்று அந்தத் தாள் சொன்னால்தான், புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் நடத்தும் கலந்தாய்வில் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கென்று உள்ள இடங்களுக்குப் போட்டியிட முடியும்.

இந்தத் தாளின் அருமை எல்லையோர ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. நெட்டப்பாக்கம் பக்கத்தில் சிறிது தூரம் சைக்கிள் மிதித்தால் மாநிலம் மாறிவிடும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று இருப்பவர்களும் உண்டு. பிள்ளை விழுப்புரத்திலோ கடலூரிலோ படிக்கும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்ப்பார்கள். அப்படி இரண்டு வருடம் விடுதியில் இருந்த பிள்ளை, அந்த இரண்டு வருடமும் எங்கே குடியிருந்தது? வீட்டில் கேட்டால் இது என்ன கேள்வி என்பார்கள். சட்டத்துக்கு அது கேள்விதான்.

எதிர்ப்பக்க நியாயமும் இல்லாமல் இல்லை. மருத்துவச் சேர்க்கையில் ஒரே மாணவர் இரண்டு மாநிலங்களில் இருப்பிடம் காட்டுகிறார் என்ற புகார்கள் எழுந்ததுண்டு. ஒருவர் இரண்டு இடத்தில் கை வைத்தால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிவரும். ஆகவே அதிகாரி துருவிக் கேட்பதைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தியக் குடிமகனுக்கு இருப்பது ஒரே டொமிசில் (சட்டப்படியான நிலையான இருப்பிடம்), அது இந்தியா முழுவதற்குமானது என்று 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும் எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரு பகுதியை மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒதுக்கலாம் என்று அதே தீர்ப்பு இடம் கொடுத்தது. முதுநிலை மருத்துவப் படிப்பில் இருப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் தன்வி பெல் வழக்கில் தீர்ப்பு வந்தது. இளநிலையைப் பொறுத்தவரை, எங்கே குடியிருக்கிறாய் என்ற கேள்வி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

இந்த மண்ணுக்கு அந்தக் கேள்வி புதிது கிடையாது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான இணைப்பு இயக்கம் 1954 மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தைக் கைப்பற்றியது. புதுச்சேரி அரசியல் தலைவர் எதுவார் குபேர் முதலானோர் அமைத்த தற்காலிக அரசு இங்கிருந்துதான் இயங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான கைமாற்றம் அன்று முடியவில்லை. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒரு நாளை வைத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குடியுரிமை தீர்மானமானது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்து, அன்றைய தேதியில் இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்களாக ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து அன்றைக்கு வேறு நாட்டில் நிலையாக வசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விதி தலைகீழாக இருந்தது. அவர்கள் தாமாகவே பிரெஞ்சுக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். இந்தியராக வேண்டுமானால் அவர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தகப்பனின் முடிவே முடிவு.

இப்போது ஒரு பையனை நினைத்துப் பார்க்கலாம். வில்லியனூரில் பிறந்தவன், புதுச்சேரி பிரெஞ்சு லிசேயில் படித்தவன், மேற்படிப்புக்குப் பாரிசுக்குக் கப்பலேறியவன். 1962 ஆகஸ்ட் 16 அன்று அவன் எங்கே வசித்தான்? பாரிசில் அவனுக்கு ஒரு வாடகை அறை. வில்லியனூரில் அம்மா, அப்பா, வீடு, நிலம். ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள் பிறந்த இடத்தையும் வசிப்பிடத்தையும் வைத்தே பேசுகின்றன. படிக்கப் போனவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது அவனவன் பாடாகிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்காத பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அதே பிரான்சுக்குப் போக விசா வரிசையில் நிற்கிறார்கள். 'சொல்தா' என்று அழைக்கப்படும் முன்னாள் பிரெஞ்சு ராணுவத்தாரின் வீடுகள் உள்ள எந்தத் தெருவிலும் இந்தக் கதையின் ஏதாவது ஒரு கிளையைக் கேட்கலாம்.

இன்று அதே சிக்கல் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்குகிறது. பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் மதகடிப்பட்டுப் பக்கம் என்று தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. நியூஜெர்சியில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா எச்1பி என்ற வேலை விசாவில் போனவர். மகளுக்கு அப்போது ஏழு வயது. வேலைவாய்ப்பு வழி நிரந்தரக் குடியிருப்பில், ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்பதால் இந்தியர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருப்பது சாதாரணம். அதற்குள் பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. அப்படிப் பயந்து பயந்து, மகளுக்குப் பதினேழு வயதாகும்போது நிரந்தரக் குடியிருப்பு அட்டையான கிரீன் கார்டு கைக்கு வருகிறது.

மகளுக்கு டாக்டராக ஆசை. அமெரிக்காவில் என்றால் முதலில் நாலு வருடப் பட்டம், பிறகு நாலு வருட மருத்துவப் படிப்பு, அதோடு பெருங்கடன். புதுச்சேரியில் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். நெட்டப்பாக்கத்தில் ஆயா வீடு இருக்கிறது, லீவு நாளில் போய்க்கொள்ளலாம். யாரோ ஒரு சித்தப்பா அடித்துச் சொல்வார்: "கார்டுதான் பத்து வருஷத்துக்குச் செல்லுமே, அதுக்குள்ள படிப்பு முடிஞ்சிடும். அப்புறம் என்ன கவலை?"

கவலை அங்கேதான் இருக்கிறது. கார்டில் அச்சிட்டிருக்கும் பத்து வருடம் அந்த அட்டையின் ஆயுள். குடியிருப்பு உரிமையின் ஆயுள் வேறு கணக்கில் ஓடுகிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே தங்கிவிட்டால் கார்டை மட்டும் காட்டித் திரும்ப நுழைய முடியாது. அதற்கு 'ரீ-என்ட்ரி பெர்மிட்' என்ற மறுநுழைவு அனுமதி வேண்டும். ஐ-131 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது ஆள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். கைரேகைக்குக் கூப்பிட்டால் அதுவும் அங்கேயேதான். அது முடிந்த பிறகு இந்தியாவுக்குக் கிளம்பிவிடலாம், அனுமதிப் புத்தகத்தை வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில் வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம். சாதாரணமாக இரண்டு வருடத்துக்குக் கொடுப்பார்கள், நீட்டிக்க மாட்டார்கள். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி அமெரிக்கா போய் மறுபடி விண்ணப்பம். கார்டு கிடைத்ததிலிருந்து, கடைசி ஐந்து வருடத்தில் நாலு வருடத்துக்கு மேல் வெளியிலேயே இருந்திருந்தால் அடுத்த அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான்.

ஐந்தரை வருடப் படிப்பில் இதை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று முறையாவது இந்த விண்ணப்பத்துக்காகவே பறக்க வேண்டிவரும். மருத்துவக் கல்லூரி அதற்கு இடம் கொடுக்குமா? வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். கைரேகைக்கான தேதி விண்ணப்பித்த சில வாரம் கழித்துத்தான் வரும். இவளுக்குப் பரீட்சை முடிந்து கிடைக்கிற விடுமுறை அதற்குள் தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ச் சில நாள் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் பரவலாக உண்டு. அது முழுப் பாதுகாப்பு கிடையாது. எத்தனை முறை வந்தாய் என்பதைவிட, உன் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்பதையே விமான நிலைய அதிகாரியும் குடியேற்ற நீதிபதியும் பார்ப்பார்கள்.

ஆனால் இதே இடத்தில் மாணவருக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது, பல குடும்பங்கள் அதைக் கவனிப்பதில்லை. வெளியே போனது தற்காலிகமாகத்தானா என்பதே சட்டம் கேட்கும் மையக் கேள்வி. போனதற்கு ஒரு காரணம் இருந்ததா, அது முடியும் தேதி தெரியுமா, பெற்றோரும் வீடும் அமெரிக்காவில் இருக்கிறார்களா, வங்கிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும் உயிரோடு இருக்கின்றனவா, வரிக்கணக்கு தாக்கல் செய்திருந்தால் அமெரிக்கக் குடிவாசி என்றே செய்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். படிப்புக்குத் தொடக்கமும் முடிவும் எழுத்தில் இருக்கிறது. சேர்க்கைக் கடிதம், ஆண்டுவாரி மதிப்பெண் பட்டியல், பயிற்சி முடியும் தேதியைக் குறிப்பிட்டுக் கல்லூரி தரும் கடிதம் ஆகியவற்றைவிட நல்ல சாட்சி வேறு எது? வியாபாரத்துக்கோ வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ இந்தியா வந்தவருக்கு இந்தத் தெளிவான முடிவுத் தேதி கிடைக்காது.

இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திரும்பி நுழையும்போது, உரிமையைக் கைவிடுவதாக ஐ-407 என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. குடியேற்ற நீதிபதி முன் என் வழக்கைச் சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்கலாம். நீண்ட பயணக் களைப்பில், பதட்டத்தில், இருபது வயதுப் பெண்ணுக்கு இது நினைவுக்கு வராது. கிளம்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டும்.

மறுநுழைவு அனுமதி இருந்தாலும் குடியுரிமைக்கான கடிகாரம் நின்றுவிடும் என்பது வருத்தமான உண்மை. அமெரிக்கக் குடியுரிமைக்கு ஐந்து வருடத் தொடர் குடியிருப்பும், அதில் குறைந்தது முப்பது மாதம் நேரில் இருந்திருப்பதும் வேண்டும். ஒரு வருடம் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். திரும்பி வந்து நாலு வருடமும் ஒரு நாளும் கழித்துத்தான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும். மகளுக்குப் பதினெட்டு வயதாகும் முன் பெற்றோரில் ஒருவர் அமெரிக்கக் குடிமகனாகியிருந்து, அவளும் கிரீன் கார்டோடு அவர் பொறுப்பில் அங்கே வசித்திருந்தால் அவள் தானாகவே குடிமகள் ஆகியிருப்பாள். இந்தியர்களின் நீண்ட காத்திருப்பில் அந்த அதிர்ஷ்டம் பெரும்பாலோருக்கு வாய்ப்பதில்லை.

மற்ற நாடுகளும் படிப்பின் மேல் பெரிய இரக்கம் காட்டுவதில்லை. கனடாவில் ஐந்து வருடத்தில் 730 நாள் இருக்க வேண்டும். கனடியக் குடிமகனான கணவரோடோ மனைவியோடோ வெளிநாட்டில் இருந்த நாட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். கனடிய நிறுவனம் வேலைக்கு வெளியே அனுப்பிய நாட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். படிக்கப் போன நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருப்பவருக்கும் வெளியே போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி தேவை. பிரிட்டனில் காலவரையற்ற குடியிருப்பு உரிமை பெற்றவர்கள் இரண்டு வருடம் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாக அது காலாவதியாகிவிடும்.

இது நியாயமாகப் படவில்லை. கம்பெனிக்காக வெளியே போகிறவரின் நாளைக் கணக்கில் சேர்க்கும் அரசு, டாக்டராகித் திரும்பி வந்து தன் மக்களுக்கே வைத்தியம் பார்க்கப்போகிற பெண்ணின் நாளை ஏன் சேர்க்கக் கூடாது? பதினெட்டு வயதில் யாரும் வீட்டை விட்டுவிட்டுப் போவதில்லை, வீட்டுக்குத் திரும்பி வருவதற்காகவே போகிறார்கள். நாமக்கல் விடுதியில் இருக்கும் மடுகரைப் பையனுக்கும் புதுச்சேரி விடுதியில் இருக்கும் நியூஜெர்சிப் பெண்ணுக்கும் இது ஒன்றுதான். பெற்றோரின் அடுப்பு எரியும் இடமே மாணவரின் குடியிருப்பு என்று எல்லா அரசுகளும் எழுதிவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அப்படி ஒரு விதி வரும்வரை குடும்பங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். கல்லூரியில் இடம் உறுதியான வாரத்திலேயே, விமான டிக்கெட் போடும் முன்பாக, குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். பிள்ளை அங்கே இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். உள்ளூரிலேயே படிக்கவைப்பவர்கள் ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விடுதிக் கட்டண ரசீதைக்கூட எறிந்துவிடாதீர்கள்.